கறுப்பியும் முயல்குட்டியும்: ஓடிய பிறகு கூப்பிட்டுப் பயனில்லை

வணக்கம் உறவுகளே. காலை ஆறரை மணி, மட்டக்களப்புப் படுவான்கரையில் எங்கள் வயல் வரம்பில் நிற்கிறேன், பக்கத்தில் எங்கள் நாய் கறுப்பி. அதன் முதுகில் இருந்து நீளமாக ஒரு கயிறு வருகிறது, பார்த்தீர்களா? 10 மீற்றர். போன வீடியோவில் இந்தக் கயிறு இல்லை. ஏன் கட்டினேன் என்று சொல்லத்தான் இன்றைக்கு வந்தேன்.

வெள்ளாமை வெட்டி முடிந்த கிழமை, வழக்கம்போல அவிழ்த்துவிட்டுத்தான் கூட்டிவந்தேன். நான் பேசிக்கொண்டே நடக்கிறேன், இது பத்தைக்குள் பாய்ந்தது, திரும்பி வந்து என் காலடியில் ஒரு முயல்குட்டியை வைத்தது. உள்ளங்கையளவுதான். உடம்புச் சூடு இன்னும் ஆறவில்லை, உயிர் மட்டும் இல்லை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் காட்டு முயல் வளை தோண்டாது. குட்டியைப் புல்லுக்குள் விட்டுவிட்டுத் தாய் தள்ளிப் போய்விடும், இருட்டுப்பட்டதும் வந்து பால் கொடுக்கும். அதுவரை குட்டி அசையாமல் கிடக்கும், அதற்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு அதுதான். பருந்தின் கண்ணுக்கு அது தப்பலாம், நாயின் மூக்குக்குத் தப்பாது. (தனியாகக் கிடக்கும் குட்டியைக் கண்டால் தாயில்லை என்று நினைத்துத் தூக்கி வராதீர்கள், தயவுசெய்து.)

அன்றைக்கு நான் கத்தினேன், அடிக்கவும் கை ஓங்கினேன். அது என் பிழை. பிடித்ததற்காக அடி என்று நாய்க்கு விளங்காது, கொண்டுவந்து கொடுத்ததற்கு அடி என்றுதான் விளங்கும். அடுத்த முறை பத்தைக்குள்ளேயே வைத்துத் தின்றுவிட்டு வரும், அவ்வளவுதான்.

நிறையப் பேர் சொல்வது, வயிறு நிறையப் போட்டால் வேட்டைக்குப் போகாது என்று. கறுப்பி சோறும் மீனும் தின்றுவிட்டு வந்துதான் அதைப் பிடித்தது. துரத்துவதே அதற்குச் சந்தோசம். முதலில் பார்க்கும், பிறகு பதுங்கும், துரத்தும், கவ்வும், கொல்லும், கடைசியில்தான் தின்னும். ஒன்று மற்றதை இழுத்துக்கொண்டு போகும், ஓட்டம் தொடங்கிவிட்டால் நீங்கள் தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் காதில் விழாது. ஆகவே நாங்கள் மறிக்க வேண்டிய இடம் அந்த முதல் பார்வைதான். காது முன்னுக்கு வரும், வாய் மூடும், ஒரு முன்னங்கால் தூக்கி அப்படியே...

பொறுங்கள். இந்தா, இப்போது பாருங்கள். கறுப்பி நின்றுவிட்டது. அங்கே வரம்பு முடியும் இடத்தில் கீரி. கயிற்றை இழுக்கவில்லை, சும்மா பிடித்துக்கொண்டு நிற்கிறேன். விசில்... திரும்பியது! வா, வா, கெட்டிக்காரி. இந்தா.

இப்போது கொடுத்தது அவித்த கோழி ஈரல். வீட்டில் வேறு எதற்கும் அது கிடைக்காது, விசிலுக்கு மட்டும்தான். முதல் இரண்டு கிழமை வளவுக்குள்ளேயே பழக்கினேன், விசில் அடித்த உடனே ஈரல், ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து தரம். பிறகு றோட்டில், பிறகுதான் வயலுக்கு வந்தோம். கயிற்றைக் கழுத்துப்பட்டியில் கட்டாதீர்கள், ஓடிப்போய் இழுபடும்போது கழுத்தில் அடிபடும், நெஞ்சுப்பட்டியில் கட்டுங்கள்.

ஓடும் ஆசையை அடக்கி மட்டும் வைத்தால் அது வேறு பக்கத்தால் வெளியே வரும், அயல்வீட்டுக் கோழிக்கூடுதான் முதலில். பின்னேரம் ஒரு கம்பு நுனியில் கயிறு, கயிற்று நுனியில் பழைய துணி, அதை நிலத்தில் இழுத்து ஓடவிடுகிறேன். துரத்தட்டும், கவ்வட்டும், உதறட்டும். அதிலே பாதிப் பசி தீர்ந்துவிடும்.

எங்கள் ஊரில் உடும்பு பிடிக்கிற நாய் என்றால் ஒரு மதிப்பு இருக்கிறது, எனக்கும் தெரியும், நானும் அதைக் கேட்டு வளர்ந்தவன். ஆனால் உடும்பு இலங்கையின் 1937ஆம் ஆண்டு வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்துக்குள் வருகிற உயிர். சட்டத்தை விடுங்கள், நாயையாவது நினையுங்கள். கீரிக்கும் மரநாய்க்கும் விசர்நோய் (ரேபிஸ்) வரும், கடித்தால் உங்கள் நாய்க்கு வரும், அங்கிருந்து பிள்ளைகளுக்கு. வருடாவருடம் ஊசி போட்டிருந்தாலும் காட்டு மிருகம் கடித்தால் அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். எலி பிடித்தால் எலிக்காய்ச்சல், நஞ்சு தின்ற எலி என்றால் அந்த நஞ்சும் நாய்க்குள் போகும். பத்தைக்குள் முகத்தை விட்டால் புடையன் பாம்பு இருக்கும்.

சரி, ஆக்காட்டி கத்துகிறது, கேட்கிறதா? தலைக்கு மேலே சுற்றுகிறது என்றால் கிட்டத்தான் எங்கோ வெறுந்தரையில் முட்டை வைத்திருக்கிறது. இதற்கு மேல் இந்த வரம்பால் போகவில்லை. வா கறுப்பி, றோட்டால் வீட்டுக்குப் போவோம்.