கரி எஞ்சினை நிறுத்தி வைப்பதா, ஓட விடுவதா?

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, திருச்சி பெருமக்களே, வணக்கம்.

"நீராவி ரயிலின் நினைவைக் காப்பது நிறுத்தி வைத்த எஞ்சினா, ஓடுகிற எஞ்சினா?" என்பது தலைப்பு. ஓடுகிற எஞ்சின்தான் என்று பேச வந்திருக்கிறேன். என் குரல் கொஞ்சம் உரக்க இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அது மேடைப் பழக்கம் அல்ல, வீட்டுப் பழக்கம். அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் பாய்லர் பிரிவில் வேலை பார்த்தவர். பாய்லருக்கு உள்ளே ஒருவர் குந்தி உட்கார்ந்து, தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணியைத் தாங்கிப் பிடிப்பார், வெளியிலிருந்து மற்றவர் அடிப்பார். அந்தச் சத்தத்துக்குள்ளேயே வருடக்கணக்கில் இருந்தவருக்கு நாற்பது வயதில் காது மந்தமாகிவிட்டது. எங்கள் வீட்டில் ரகசியம் என்று ஒன்று இருந்ததே இல்லை. என் கல்யாணப் பேச்சு ரயில்வே காலனியின் நான்கு தெருவுக்கும் ஒரே மாலையில் தெரிந்துபோயிற்று.

எதிரணியில் முதலில் பேசிய பேராசிரியர் அண்ணன் என்ன சொன்னார்? ஜங்ஷன் வாசலில் கறுப்புச் சாயம் பூசி, வெள்ளிக் கோடு போட்டு, மேடை கட்டி நிறுத்திய எஞ்சினைப் போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்கிறார்கள், அதுவே வரலாற்றுக் கல்வி என்றார். நானும் என் பேரனை அழைத்துக்கொண்டு அப்படி ஓர் எஞ்சினைப் பார்க்கப் போனேன். எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. கரி போடும் வாய்க்குள் எட்டிப் பார்த்தான். உள்ளே தின்பண்டக் காகிதமும் தண்ணீர் பாட்டிலும் கிடந்தன. சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, "பாட்டி, இதற்கு சார்ஜ் எங்கே போடுவார்கள்?" என்று கேட்டான். அண்ணா, உங்கள் வரலாற்றுக் கல்வி அன்றைக்கு அந்த அளவில்தான் இருந்தது.

இன்னொன்றும் பார்த்தோம். ஓர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் கைக்கு அடக்கமான இரும்பு உருண்டை. "குண்டு எறிதலா?" என்றான் பேரன். போகிற வண்டிக்கும் வருகிற வண்டிக்கும் ஒரே பாதை இருக்கும் இடத்தில் அந்த உருண்டைதான் உயிர். அடுத்த நிலையத்தார் சம்மதித்தால்தான் கருவி ஓர் உருண்டையை விடும். அதைப் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் கட்டி, ஓடுகிற வண்டிக்கு நேராக ஒருவர் நீட்டிப் பிடிப்பார். எஞ்சினில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன் கையை வளைத்து அதில் மாட்டிக்கொண்டு போய்விடுவார். உருண்டை கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்கக் கூடாது. ஒரு பாதைக்கு ஒரு நேரத்தில் ஓர் உருண்டை, அதனால் ஒரே வண்டி. இரண்டு மனிதர்கள் ஒருவரை ஒருவர் நம்பிக் கை நீட்டிய அந்த நொடி கண்ணாடிப் பெட்டிக்குள் எங்கே இருக்கிறது?

இப்போது என் பக்கத்துச் சாட்சிக்கு வருகிறேன். மேட்டுப்பாளையம் போவோம்.

அங்கிருந்து கிளம்பும் நீலகிரி மலை ரயில் 1899-ல் குன்னூர் வரையும் 1908-ல் ஊட்டி வரையும் போயிற்று. கடல் மட்டத்துக்கு மேல் 326 மீட்டரில் கிளம்பி, 46 கிலோமீட்டரில் 2,203 மீட்டருக்கு ஏறுகிற பாதை. கல்லாறு தாண்டியதும் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை தொடங்கும். செங்குத்தான இடங்களில் பன்னிரண்டு அடி நகர்ந்தால் ஓரடி ஏற்றம். வெறும் சக்கரம் வழுக்கிவிடும். எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பல்சக்கரம் அந்தப் பட்டையைக் கவ்விக் கவ்வி ஏறும். எஞ்சின் முன்னால் இருக்காது. பின்னால் இருந்து தள்ளும். இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் கீழே உருளாமல் எஞ்சின் தாங்கிக்கொள்ளும். பெட்டிக்கு ஒரு பிரேக்மேன் முன்திண்ணையில் கொடியோடு நிற்பார். டிரைவருக்கு முன்னால் பாதை தெரியாது. முன்னால் இருப்பவரின் கொடிதான் அவருக்குக் கண்.

அந்த எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். இரண்டு சாதாரணச் சக்கரத்துக்கு, இரண்டு பல்சக்கரத்துக்கு. ஏற்றத்தில், முதல் இரண்டில் வேலை செய்து முடித்த ஆவியை வீணாக வெளியே விடாமல் அடுத்த இரண்டுக்கு அனுப்புவார்கள். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தபோது அப்பா அம்மாவைத்தான் கூப்பிட்டுக் காட்டினார். தேங்காயைப் பிழிந்து முதல் பால் எடுத்த பிறகு தூக்கியா போடுகிறாள்? இரண்டாம் பால் எடுக்கிறாள் அல்லவா? அதுதான் இது என்றார். அதற்குப் பிறகு எத்தனையோ படம் போட்ட பலகைகளைப் படித்துவிட்டேன். தேங்காய்ப் பாலுக்கு மிஞ்சிய விளக்கம் எதிலும் இல்லை.

வழியில் ஹில்குரோவ் நிலையத்தில் எஞ்சின் தண்ணீர் குடிக்க நிற்கும். சனமெல்லாம் இறங்கும். டீ குடிக்கிறவர்கள் ஒரு பக்கம், குரங்குக்குப் பயந்து பையை மார்போடு அணைத்துக்கொள்கிறவர்கள் ஒரு பக்கம். புகை வாடை, ஆவி மூச்சு, சட்டையில் கரித்துகள். ஏழு வயதுப் பிள்ளை அங்கே கேட்கும் கேள்வி வேறு மாதிரி இருக்கிறது. "இதற்கு ஏன் இவ்வளவு தாகம்?" என்று கேட்டான் அதே பேரன். நடுவர் ஐயா, அந்த ஒரு கேள்விக்குள் நீராவி எஞ்சினின் பாதிப் பாடம் இருக்கிறது.

ஆனால் நான் பெரிதாக நினைப்பது பயணிகள் பார்க்கிற அழகை அல்ல. கைவேலை அறிவை. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்த அந்த எஞ்சின்கள் வயதாகித் தேய்ந்தன. பாதையை மூடியிருந்தால் நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சாயம் பூசியிருப்போம், கதை முடிந்திருக்கும். பாதை ஓடியே தீர வேண்டும் என்பதால், நம் பொன்மலையிலேயே அதே வகையில் புது எஞ்சின்கள் கட்ட வேண்டி வந்தது. முதலில் எண்ணெய் எரிப்பவை, 2021-ல் நிலக்கரியில் ஓடுவது. நாட்டில் நீராவி எஞ்சின் தயாரிப்பு 1972-லேயே நின்றுபோன தொழில், ஐயா! அப்பா இதைப் பார்க்க இருக்கவில்லை. அவரோடு வேலை பார்த்த மாமா ஒருவர் வந்து சொன்னார்: "பாப்பா, பையன்கள் சுத்தியலால் தட்டிச் சத்தத்தை வைத்தே போல்ட் உடைந்திருக்கிறதா என்று சொல்கிறார்கள்." அறுபது தாண்டிய நான் அவருக்கு இன்னும் பாப்பாதான். சாயம் பூசிய எஞ்சினை யாராவது சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்களா? தட்டினால் காவலாளி பிடித்துக்கொள்வார்.

வழக்கறிஞர் தங்கை எழுந்து, பெரம்பூர் கதையை எடுத்து என் அணியை மடக்கப் பார்த்தார். 1855-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் செய்த 'ஈ.ஐ.ஆர். 21' என்ற எஞ்சின் நூறாண்டுக்கு மேல் காட்சிப் பொருளாக நின்றது. 2010-ல் பெரம்பூர் லோகோ பணிமனை அதை ஓட வைத்தது. எழும்பூருக்கும் கோடம்பாக்கத்துக்கும் இடையே அது போனபோது பிளாட்பாரம் கொள்ளவில்லை. "புது உறுப்புகளை வைத்து ஓட்டிவிட்டுப் பழைய எஞ்சின் என்கிறீர்களே, இது ஆள்மாறாட்டம் இல்லையா?" என்று தங்கை கேட்டார். கை தட்டினீர்கள். நானும் தட்டினேன், நல்ல கேள்வி.

தங்கச்சி, திருவாரூர் இங்கிருந்து எவ்வளவு தூரம்? ஆழித்தேர் ஒருமுறை தீயில் எரிந்தது. புதிதாகக் கட்டினார்கள். பிறகு பல ஆண்டுகள் நிலையிலேயே நின்று, 1970-ல் மீண்டும் ஓடியது. அதற்கு இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது நம் ஊர் பெல் (BHEL) நிறுவனம். வடம் பிடிக்கிறவர்கள் "இது பழைய தேர்தானா, ரசீது இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டா "ஆரூரா, தியாகேசா" என்கிறார்கள்? அச்சு புதிது, பிரேக் புதிது, வடமும் புதிது. தேர் மட்டும் பழையது. ஏன் என்றால் அது வீதிக்கு வருகிறது. இத்தனைக்கும் நிலையில் நின்றிருந்த காலத்திலும் தேர் அங்கேயேதான் இருந்தது. ஆனால் அந்த ஆண்டுகளைப் பற்றி ஊர்க்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், "தேர் இல்லாத வருஷங்கள்" என்பார்கள்.

எதிரணியின் மிகப் பெரிய ஆயுதம் தனுஷ்கோடி. அதற்கு நான் கை கூப்பிவிட்டுத்தான் பேச வேண்டும். 1964 டிசம்பர் 22 இரவு, புயலில் கடல் ஏறி, பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் வண்டியை நூறு பேருக்கு மேல் இருந்தபடியே கொண்டுபோயிற்று. நிலையத்தின் இடிந்த சுவர் அங்கே நிற்கிறது. அந்தச் சுவர் போதாதா என்று கேட்டார்கள். அந்த ஓர் இரவைச் சொல்ல அது போதும். அதைவிட நன்றாக எதுவும் சொல்லாது.

ஆனால் அந்த இரவுக்கு முன்னால் ஐம்பது வருடம் இருந்ததே! 1914-ல் பாம்பன் பாலம் திறந்தது. எழும்பூரில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கே மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போனார். கையில் ஒரே டிக்கெட். கொழும்பில் கடை வைத்தவர்களும் தோட்டத்துக்குப் போனவர்களும் பொண்டாட்டி பிள்ளைகளை விட்டுப் பிரிந்தவர்களும் அந்த வண்டியில் இருந்தார்கள். இடிந்த சுவர் அதில் ஒரு முகத்தையாவது சொல்கிறதா? ஆனால் இன்றைக்கும் ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸை எங்கள் தெருவில் யாரும் அந்தப் பெயரால் சொல்வதில்லை. போட் மெயில்தான். கப்பல் நின்று நாற்பது ஆண்டு ஆகிறது, பெயரில் மட்டும் இன்னும் கப்பல் இருக்கிறது. தினமும் வண்டி வருகிறது, அதனால் தினமும் யாராவது ஒரு பிள்ளை "ஏன் போட்?" என்று கேட்கிறது, யாராவது ஒரு தாத்தா பதில் சொல்கிறார்.

கட்டடத்துக்கும் இதே கணக்குத்தான். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. பழைய தூண்களோடு ராயபுரம் நிலையம் இன்னும் நிற்கிறது, புறநகர் வண்டிகள் இன்னும் அங்கே நிற்கின்றன. இந்தப் பக்கம் மயிலாடுதுறை - தரங்கம்பாடி பாதையைப் பாருங்கள். 1986-ல் வண்டி நின்றது. நிலையம் இருந்த இடத்தை இளைஞர் ஒருவரிடம் கேட்டேன், "இங்கே ரயிலா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

செலவு அதிகம் என்றார்கள். உண்மை. நீராவி எஞ்சின் மகா ஊதாரி. எரிக்கிற கரியின் சூட்டில் பத்தில் ஒரு பங்குகூட இழுவையாக மாறாது. அதன் வேலை சுகமானதும் அல்ல. ஃபயர்மேனின் முதுகையும் என் அப்பாவின் காதையும் அது தின்றது. பொன்மலைத் தொழிலாளிகள் போராடியபோது 1946 செப்டம்பர் 5 அன்று துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் மாண்டார்கள். இதையெல்லாம் மறந்து "குப் குப்" என்று கொஞ்சுகிற பேச்சு எனக்கும் பிடிக்காது. கரி வண்டிக்கே எல்லோரும் திரும்பிப் போங்கள் என்று கேட்க நான் வரவில்லை. பத்து எஞ்சினுக்குச் சாயம் பூசுகிற காசில் ஒன்றுக்கு நெருப்பு மூட்டுங்கள் என்கிறேன். குளிர்ந்து கிடக்கும் பாய்லரை ஆவி பிடிக்க வைக்கவே பல மணி நேரம் ஆகும். அவசரப்பட்டால் குழாய் கசியும். விடியற்காலையில் எழுந்து அதற்குப் பக்கத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டும், அவருக்குப் பக்கத்தில் கற்றுக்கொள்ள ஒரு பையன் வேண்டும். அந்தப் பையனுக்குத்தான் அந்தச் செலவு.

நடுவர் ஐயா கையை நீட்டுகிறார், நேரம் முடிந்தது போலிருக்கிறது. பழைய கைகாட்டி மரத்தில் கை நேராக நீட்டியிருந்தால் நில், தாழ்ந்தால் போ. இப்போது நின்றுவிடுகிறேன். தீர்ப்புச் சொல்லும்போது அந்தக் கையைக் கொஞ்சம் தாழ்த்துங்கள், ஐயா. குன்னூரில் தண்ணீர் பிடித்துக்கொண்டு ஒரு வண்டி காத்திருக்கிறது.