வரப்புதான் எங்கள் எல்லை

நேயர்களுக்கு வணக்கம்.

பாகூர் பக்கத்தில் ஓர் எல்லைக் கிராமம் என் ஊர். வரப்புக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் கடலூர் மாவட்டம். பிரெஞ்சுக்காரர்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கே நிலத்தைத் துண்டு துண்டாகத்தான் பெற்றார்கள். நடுநடுவே ஆங்கிலேயர் ஊர்கள் கிடந்தன. 1954-இல் பிரெஞ்சு ஆட்சி போனது, துண்டுகள் அப்படியே தங்கிவிட்டன. கடலூரிலிருந்து மடுகரைக்குப் போய்ப் பாருங்கள், எத்தனை தடவை மாநிலம் மாறுகிறது என்று. வெளியூர்க்காரர்கள் மதுக்கடைப் பலகையை வைத்துக் கண்டுபிடிப்பார்கள். அதற்குமேல் அவர்களுக்கு அக்கறை இல்லை.

எங்களுக்கு எல்லை தெரிவது தாலுகா அலுவலகத்தில். வீடு புதுச்சேரியில், நிலம் தமிழ்நாட்டில் என்று இருப்பவர்கள் உண்டு. ரேஷன் அட்டை இங்கே. அங்கே கொள்முதல் நிலையத்தில் நெல் போட வேண்டுமானால் அந்த ஊர் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல், அதாவது என்ன பயிர் என்று காட்டும் சான்று, வாங்க வேண்டும். வெள்ளம் வந்தால் வீட்டுக்கு ஒரு அரசு, பயிருக்கு ஒரு அரசு. பெண் கொடுப்பதும் எடுப்பதும் வரப்பைப் பார்த்து நடப்பதில்லை. ஆனால் அந்தப் பக்கம் வாழப்போன பெண்ணின் பிள்ளை, பாட்டி வீட்டில் இருந்து படித்து புதுச்சேரியின் கல்லூரிச் சேர்க்கைக் குழுவான சென்டாக்கில் விண்ணப்பிக்கும்போது, குடியிருப்புச் சான்றுக்கு அலைகிற அலைச்சல் இருக்கிறதே, அதைக் கேட்காதீர்கள்!

எல்லையை நாங்கள் கண்ணால் பார்த்தது 2020 ஊரடங்கில்தான். தடுப்பு போட்டுவிட்டார்கள். அண்ணன் அந்தப் பக்கம், தம்பி இந்தப் பக்கம்.

தண்ணீருக்கு மட்டும் யாராலும் தடுப்பு போட முடியவில்லை. பாகூர் ஏரி புதுச்சேரியின் இரண்டாவது பெரிய ஏரி. அதற்குத் தண்ணீர் வருவது தமிழ்நாட்டில், தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக. 2024 டிசம்பரில் சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் பெண்ணையின் இரண்டு கரைகளையும் ஒன்றாகத்தான் மூழ்கடித்தது.

ஆகவே நான் கேட்பது இதுதான். மழைக்கு முன்னால் இரண்டு பக்கத்துப் பொதுப்பணித் துறையும் நீர்வளத் துறையும் அந்த வாய்க்கால் கரையில் ஒரு நாள் சேர்ந்து நடக்கட்டும். எங்கே தூர்ந்திருக்கிறது, எங்கே கரை பலவீனம் என்று காட்ட எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் வருவார்கள்.

நன்றி, வணக்கம்.