வாடகை இருபதாயிரம், செலவு எவ்வளவு?

நேயர்களுக்கு வணக்கம். வேளச்சேரியிலோ துரைப்பாக்கத்திலோ வீடு தேடுகிறவர்கள் முதலில் கேட்பது "வாடகை எவ்வளவு?" என்றுதான். அட்வான்ஸ் பேச்சு கடைசியில் வரும். கணக்கு உதைப்பதும் அங்கேதான்.

வாடகை 20,000 ரூபாய், சென்னை வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ் என்று வையுங்கள். கையில் 2 லட்சம் வேண்டும். அதை 12 சதவீத வட்டிக்குப் புரட்டினால் மாதம் 2,000 ரூபாய் வட்டிக்கே போகும். ஆயிரம் சதுர அடி ஃபிளாட்டுக்குச் சதுர அடிக்கு 3 ரூபாய் பராமரிப்பு என்றால் இன்னொரு 3,000. ஆக, நீங்கள் குடியேறப் போவது 25,000 ரூபாய் வீட்டில். பழைய மாமல்லபுரம் சாலையில் பல அடுக்ககங்கள் லாரித் தண்ணீரை நம்பியிருப்பவை. கோடையில் அந்தச் செலவும் உங்கள் தலையில் விழலாம். தண்ணீருக்குத் தனியாகக் கட்டுகிறார்களா என்று அங்கே குடியிருப்பவர்களிடமே கேளுங்கள். புரோக்கர் வாய் திறக்க மாட்டார்.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அது செல்லும் என்றும் இடம் விட்டிருக்கிறது. சட்டத்தின் பாதிப் பலன் இந்த ஓட்டை வழியே ஒழுகிவிடுகிறது என்பேன். பத்து மாதம் என்று கையெழுத்துப் போட்ட பிறகு சட்டத்தைக் காட்டிப் பயனில்லை. பேரமெல்லாம் அதற்கு முன்பே.

வாடகை உயர்வையும் சதவீதத்தோடு எழுதி வாங்குங்கள். ஆண்டுக்கு 5 சதவீதம் என்றால் நான்காம் ஆண்டில் 20,000 ரூபாய் ஏறத்தாழ 23,150 ஆகும். 10 சதவீதம் என்றால் 26,620. ஒப்பந்தம் எழுதிய 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், இணையத்திலேயே செய்யலாம். பதினொரு மாத ஒப்பந்தம்தானே, பதிவு எதற்கு என்பார்கள். இந்தச் சட்டத்தில் அந்தச் சலுகை கிடையாது.

காலி செய்யும்போது சண்டை பெரும்பாலும் பெயின்டிங்கில்தான். ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை முதலிலேயே எழுதுங்கள். சாவி வாங்கும் அன்றே சுவர், குழாய், கதவு எல்லாவற்றையும் படம் எடுங்கள். அட்வான்ஸை வங்கி வழியாக மட்டும் கொடுங்கள்.

கடைசியாக, கரண்ட் மீட்டர். இரண்டு குடித்தனத்துக்கு ஒரே மீட்டர் என்றால், இரு மாத உபயோகம் சுலபமாக 500 யூனிட்டைத் தாண்டிக் கட்டண விகிதமே உயர்ந்துவிடும். தனி மீட்டரா என்று பாருங்கள். இணைப்பு எண்ணை வாங்கி, பழைய பாக்கி இல்லை என்று தெரிந்த பிறகே டோக்கன் அட்வான்ஸ் கொடுங்கள்.