பாட்டிலுக்குத் தேதி உண்டு

நேயர்களுக்கு வணக்கம்.

தில்லி ஆர்.கே.புரத்தில் நாற்பது வருடமாகக் குடியிருக்கிறேன். காய்கறியிலும் தானியத்திலும் பூச்சிமருந்து எவ்வளவு தங்கியிருக்கிறது என்று அளக்கிற வேலையில் தலை நரைத்தவன். இங்கே இருக்கிற முருகன் கோயிலான மலை மந்திர் படியில் பார்க்கிறவர்கள்கூட, "சார், கொத்தமல்லியை உப்புத் தண்ணியில அலசினா போதுமா?" என்றுதான் கேட்பார்கள். அலசுங்கள், மேலே ஒட்டியிருக்கிறதில் ஓரளவு போகும். செடிக்குள்ளே ஊடுருவிய மருந்து எந்தத் தண்ணீருக்கும் வராது. அதற்கு மேல் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

இன்றைக்குப் பேச வந்தது வேறொரு கேள்வி. மன்னார்குடிப் பக்கத்திலிருந்து என் அண்ணன் போனில் கேட்டது.

"ஏண்டா தம்பி, மோனோவை கவர்மெண்ட்டு நிறுத்திட்டாங்களாமே. முப்பது வருசமா வயல்ல அடிச்சோம். அப்பல்லாம் நல்லதா இருந்தது இப்ப எப்படிடா கெட்டுப்போச்சு?"

மோனோ என்று அவர் சொன்னது மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்தை. மருந்து மாறவில்லை அண்ணே, நமக்குத் தெரிந்ததுதான் மாறியிருக்கிறது என்றேன். அண்ணன் திருப்தியாகவில்லை. அவர் திருப்தியாகாதது நியாயம்தான் என்று போனை வைத்த பிறகு தோன்றியது.

நாம் இதை 'மருந்து' என்கிறோம். மருந்து அடிக்கிறோம், மருந்துக் கடைக்குப் போகிறோம். அந்தக் கடையில் வாங்குகிற ஒவ்வொரு பாட்டிலிலும் தயாரித்த தேதி இருக்கும், காலாவதியாகும் தேதி இருக்கும். அந்த மருந்தை விற்கலாம் என்று அரசு கொடுத்த பதிவுச் சான்றிதழில் மட்டும் காலாவதித் தேதி கிடையாது. 1968ஆம் வருடப் பூச்சிக்கொல்லிச் சட்டம் அப்படி. பதிவுக்குழு ஒருமுறை ஏற்றுக்கொண்டால், யாராவது மெனக்கெட்டு நிறுத்துகிற வரைக்கும் அது செல்லும்.

அந்தச் சட்டம் பிறந்ததே ஒரு சாவு வீட்டில்தான். பாலிடால் என்ற பெயரைக் கேட்காமல் தமிழ்நாட்டுக் கிராமத்தில் வளர்ந்தவர்கள் குறைவு. நம் ஊரில் அது ஒரு மருந்தின் பெயராக நிற்காமல், தற்கொலைக்கே இன்னொரு பெயர்போல ஆகிவிட்டது. உள்ளே இருந்தது பாரத்தியான். 1958ல் அதைக் கோதுமை மாவோடு சேர்த்து ஒரே கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். கசிந்தது. அந்த மாவைச் சாப்பிட்டு, பெரும்பாலும் கேரளத்தில், 100க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். விசாரணைக் கமிஷன், நிபுணர் குழு எல்லாம் முடிந்து 1968ல் சட்டம் வந்தது. 1971ல் நடைமுறைக்கு வந்தது. அன்றைய பயம், விஷம் சாப்பாட்டில் கலந்துவிடக் கூடாது, கண்டவன் விற்கக் கூடாது என்பது. இருபது வருடம் கழித்து இந்தப் பொருளைப் பற்றிப் புதிதாக என்ன தெரியவரும் என்று அன்றைக்கு யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. அதற்காக அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் புதிதாகத் தெரிய வந்துகொண்டே இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைக் கண்டுபிடித்தால் மார் தட்டிக்கொள்வோம். இப்போதுள்ள கருவிகள் நூறு கோடியில் ஒரு பங்கைச் சாதாரணமாகக் காட்டுகின்றன. முன்பு 'எச்சம் இல்லை' என்று நான் கையெழுத்துப் போட்ட சில தாள்களை இன்றைய கருவியில் திரும்ப ஓட்டினால் என்ன வரும் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு. நான் பொய் எழுதவில்லை. என் கருவியின் கண் அவ்வளவுதான்.

பாதுகாப்பான அளவு என்று ஒன்றை எப்படிக் குறிக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எலி போன்ற விலங்குகளுக்கு மருந்தைத் தினமும் தீவனத்தில் கலந்து கொடுப்பார்கள். எந்த அளவு வரைக்கும் ஒரு கெடுதலும் தெரியவில்லையோ அந்த அளவை எடுத்து, வழக்கமாக நூறால் வகுப்பார்கள். விலங்குக்கும் மனிதனுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஒரு பத்து, மனிதனுக்கும் மனிதனுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு இன்னொரு பத்து. கிடைப்பதுதான் ஒருவர் வாழ்நாள் முழுக்கத் தினமும் உட்கொண்டாலும் பாதகமில்லை என்கிற அளவு. அமெரிக்காவில் 1996ல் வந்த சட்டம், குழந்தைகளுக்காக இன்னொரு பத்தாலும் வகுக்கச் சொன்னது. தகுந்த ஆதாரம் இருந்தால் மட்டும் அதைக் குறைக்கலாம். கணக்கு பார்க்க எளிது. 'ஒரு கெடுதலும் தெரியவில்லை' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எலி செத்ததா, கட்டி வந்ததா என்று மட்டும் பார்த்த காலம் உண்டு. பிறகு குட்டியின் மூளை வளர்ச்சியைப் பார்த்தார்கள், ஹார்மோனைப் பார்த்தார்கள், வயலில் தேனீயைப் பார்த்தார்கள். கேள்வி மாறினால் பழைய பதில் செல்லுமா? அதனால்தான் மறுமதிப்பீடு.

ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதிக்கே ஆயுள் வைத்திருக்கிறார்கள். முதல் தடவை பொதுவாகப் பத்து வருடம். அது முடியும் முன்பே கம்பெனி, புது ஆய்வுகளோடு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிக்காவிட்டால் அனுமதி தானாகவே போய்விடும். நிரூபிக்கிற பாரம் விற்கிறவன் தலையில். குளோர்பைரிபாஸ் அப்படித்தான் மாட்டியது. நம்மூர்க் கரையான் மருந்து, தெரிந்திருக்கும். 2019ல் அங்கே மறு ஆய்வு செய்தவர்கள், இதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றைக் குறிக்கவே முடியவில்லை என்றார்கள். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கலாம் என்ற சந்தேகம் ஒரு காரணம். 2020 ஜனவரியில் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள். அதே வாசலில் நின்ற கிளைபோசேட் என்ற களைக்கொல்லிக்கோ, அத்தனை சண்டைக்கும் பிறகு 2023ல் இன்னும் பத்து வருடம் கிடைத்தது. அதனால் மறு ஆய்வு என்றாலே தடை என்று யாரும் எண்ண வேண்டாம்.

அமெரிக்காவில் பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை. முதல் சுற்றை 2022 அக்டோபருக்குள் முடித்திருக்க வேண்டும். முடியவில்லை, 2026 வரை தவணை வாங்கியிருக்கிறார்கள். எல்லா ஊர் ஆபீசும் ஆபீஸ்தான்.

நம் கதைக்கு வருவோம். வயலட் லைன் மெட்ரோவில் ஏறினால் ஃபரீதாபாத். மத்தியப் பூச்சிக்கொல்லி வாரியமும் பதிவுக்குழுவும் அங்கேதான் இருக்கின்றன. இங்கே மறு ஆய்வு நடக்காமல் இல்லை. அவ்வப்போது ஒரு குழு போட்டால் நடக்கும். 2013ல் விஞ்ஞானி அனுபம் வர்மா தலைமையில் ஒரு குழு போட்டார்கள். வேறு நாடுகளில் தடை செய்தோ கட்டுப்படுத்தியோ இருந்து, இந்தியாவில் மட்டும் ஓடிக்கொண்டிருந்த 66 மருந்துகளைப் பார்க்கச் சொன்னார்கள். அதே 2013 ஜூலையில்தான் பிகாரில் மதிய உணவு சாப்பிட்ட 23 பள்ளிக் குழந்தைகள் இறந்தார்கள். அந்த உணவில் இருந்தது மோனோகுரோட்டோபாஸ்.

குழுவின் அறிக்கை 2015 டிசம்பரில் வந்தது. தடை உத்தரவு 2018 ஆகஸ்டில். மொத்தம் 18 மருந்து. பன்னிரண்டு உடனே, மிச்சம் ஆறு 2020 டிசம்பர் கடைசியில். உடனே நின்றவற்றில் மீத்தைல் பாரத்தியான் ஒன்று. 1958ல் மாவில் கலந்த அந்தப் பாரத்தியானின் தம்பி. அண்ணனால் வந்த சட்டம் தம்பியைப் பிடிக்க 2018 வரை ஆகியிருக்கிறது.

இன்னும் 27 மருந்துகளை மறுபடி பார்க்கச் சொல்லியிருந்தார்கள். 2020 மே மாதம் அந்த 27க்கும் சேர்த்து வரைவுத் தடை வந்தது. அசிஃபேட், கார்பென்டசிம், மேங்கோசெப், குயினால்பாஸ் என்று மருந்துக் கடையின் பாதி அலமாரி அதில் இருந்தது. ஆட்சேபம் சொல்ல 45 நாள் என்றார்கள், பிறகு 90 ஆக்கினார்கள். ஆட்சேபம் குவிந்தது. மறுபடி ஒரு குழு. 2023ல் கடைசி உத்தரவு வந்தபோது தடையானவை டைகோபால், டைனோகாப், மெத்தோமில் என்று மூன்று. மோனோகுரோட்டோபாஸில் 36 சதவீதத் திரவம் நிறுத்தப்பட்டது. அதுதான் அண்ணன் அடித்தது.

இருபத்தேழு எப்படி மூன்றாயிற்று என்று கோபப்படுகிறவர்கள் இந்த நகரத்தில் எனக்கு நண்பர்கள். அவர்களோடு நான் முழுக்க ஒத்துப்போவதில்லை. உருளைக்கிழங்கில் இலைக்கருகல் வந்த நாலாவது நாள் வயலைப் பார்த்தவர்களுக்கு மேங்கோசெப் ஏன் வேண்டியிருக்கிறது என்று தெரியும். இந்தப் பழைய மருந்துகளுக்குக் காப்புரிமை முடிந்துவிட்டது, யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம், அதனால் மலிவு. மாற்றாக வருவது பல தடவை விலை கூடிய புது மருந்தாக இருக்கும். வாங்குகிறவன் சொல்வதையும் காது கொடுத்துத்தான் கேட்க வேண்டும்.

என் மனத்தாங்கல் வேறு. அந்த 66 என்ற பட்டியல் எப்படி வந்தது? வேறு நாட்டில் நிறுத்தினார்கள், அதனால் நாமும் பார்ப்போம் என்று வந்தது. அங்கே மருந்து அடிப்பவர் பெரும்பாலும் டிராக்டரின் மூடிய கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கிறார். நம் ஆள் பதினாறு லிட்டர் டேங்க்கை முதுகில் கட்டிக்கொண்டு, வெறுங்காலில், லுங்கியை மடித்துக் கட்டி, காற்று அடிக்கிற பக்கமே நடக்கிறார். லேபிளில் கையுறை, கண்ணாடி, முகமூடி எல்லாம் படம் போட்டிருக்கிறது. வைகாசி வெயிலில் அதை மாட்டிக்கொண்டு அரை ஏக்கர் அடித்துப் பார்க்கட்டும், லேபிள் எழுதியவர். 2017ல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்து அடித்த விவசாயிகளும் கூலியாட்களும் இருபதுக்கு மேல் இறந்தார்கள். அடித்தவர்கள் சட்டத்தை மீறிய கள்ள மனிதர்கள் அல்ல, எல்லோரும் அடிக்கிற மாதிரிதான் அடித்தார்கள். அந்த 'எல்லோரும் அடிக்கிற மாதிரி'யை அளந்து ஒரு மறுமதிப்பீடு நடந்தால், பாரிஸில் நிறுத்தாத ஒன்றை நாம் முதலில் நிறுத்த வேண்டி வரலாம். அங்கே நிறுத்திய ஒன்றை இங்கே வைத்துக்கொள்ளவும் காரணம் கிடைக்கலாம்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையைப் பார்க்கலாம். 1995ல் மோனோகுரோட்டோபாஸை நிறுத்தினார்கள், 1998ல் எண்டோசல்பானை. அடுத்த இருபது வருடத்தில் அந்த நாட்டின் தற்கொலை விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. மக்களின் துயரம் குறைந்துவிட்டதா? கோபத்தில் கை நீட்டுகிற தூரத்தில் அந்தப் பாட்டில் இல்லை, அவ்வளவுதான்.

இங்கே மாநில அரசுக்கு அந்த அதிகாரம் சின்னது. பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி ஒரு மாநிலம் அறுபது நாள் நிறுத்திவைக்கலாம், இன்னும் முப்பது நாள் நீட்டலாம். தமிழ்நாடு 2023ல் ஆறு மருந்துகளை அறுபது நாளுக்கு நிறுத்தியது இப்படித்தான். அறுபத்தோராம் நாள் கடை திறந்திருக்கும். நிரந்தரமாக நிறுத்துவது தில்லி வேலை.

தில்லி எவ்வளவு தாமதிக்கும் என்பதற்குக் கேரளத்தின் காசர்கோடு சாட்சி. முந்திரித் தோட்டத்தின் மேல் ஹெலிகாப்டரில் எண்டோசல்பானை வருடக்கணக்கில் தெளித்தார்கள். கீழே குளம், கிணறு, வீடு. ஊர்க்காரர்கள் கத்தினார்கள், மருத்துவர்கள் எழுதினார்கள். கடைசியில் நிறுத்தியது எந்த மறு ஆய்வுக் குழுவும் இல்லை. இதே தில்லியில், திலக் மார்க்கில் இருக்கிற உச்ச நீதிமன்றம். 2011 மே 13. அந்த மருந்துக்குப் பத்து வருடத்துக்கு ஒரு தேதி குறித்து, 'இந்த நாளில் உன் கணக்கைக் காட்டு' என்று கம்பெனியைக் கேட்கிற ஏற்பாடு இருந்திருந்தால், அந்தக் கத்தல் எல்லாம் ஒரு மேசைக்காவது வந்து சேர்ந்திருக்கும். இந்த 1968 சட்டத்தை மாற்ற 2008ல் ஒரு மசோதா வந்தது. 2020ல் இன்னொன்று மாநிலங்களவைக்கு வந்து நிலைக்குழுவுக்குப் போனது.

நேரம் ஆகிறது என்று நிலையத்து நண்பர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார். அண்ணன் கதையை முடித்துவிடுகிறேன்.

அந்த 2023 உத்தரவில் ஒரு வரி இருக்கிறது. ஏற்கெனவே தயாராகிக் கடைக்கு வந்துவிட்ட மோனோகுரோட்டோபாஸை, பாட்டிலில் உள்ள காலாவதித் தேதி வரைக்கும் விற்கலாம், அடிக்கலாம் என்று. சான்றிதழில் எந்தக் காலத்திலும் தேதி இல்லாத அந்த மருந்துக்கு, கடைசியில் லேபிளில் அச்சடித்த தேதியே முடிவுத் தேதியாகிவிட்டது.

அண்ணனுக்கு இதைப் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. பிறகு பரண்மேல் எதையோ நகர்த்துகிற சத்தம் கேட்டது.

"அரை பாட்டில் கிடக்குடா. தேதி இருக்கிற இடத்துல எலி லேபிளைக் கடிச்சு வெச்சிருக்கு."