கார் படமும் வருமானக் கணக்கும்

நேயர்களுக்கு வணக்கம்.

'போன மாதம் வேலையை விட்டேன். இனி எனக்கு நானே முதலாளி.' புதுக் கார் ஒன்றின் மேல் சாய்ந்து சிரிக்கும் படத்தோடு இப்படி ஒரு பதிவு. போட்டவர் சத்துப் பவுடர் விற்கும் ஒரு விநியோகஸ்தர் என்று வைத்துக்கொள்வோம். பதிவில் தொகை எதுவும் இல்லை. ஆனாலும் அமெரிக்காவில் இதை வருமான வாக்குறுதியாகத்தான் பார்ப்பார்கள். சொல்லாமல் சொன்னாலும் சொன்னதுதான்.

அங்கே கடை இல்லாமல் விநியோகஸ்தர்கள் மூலம் பொருள் விற்கும் நேரடி விற்பனைத் துறைக்கு 2019 ஜனவரியில் ஒரு சுயகட்டுப்பாட்டு மன்றம் வந்தது. பணம் தருவது அந்தத் துறையின் சங்கம்; இப்போது நடத்துவது 'பிபிபி நேஷனல் புரோகிராம்ஸ்' என்ற லாப நோக்கற்ற அமைப்பு. கண்காணிக்கப்படுபவர்களே சம்பளம் கொடுக்கிறார்களா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது, இன்னும் முழுதாகப் போகவில்லை.

ஆனால் வேலை நடக்கிறது. மன்றம் இணையத்தைத் துழாவுகிறது. இப்படிப்பட்ட பதிவைக் கண்டால் அந்த விநியோகஸ்தரின் நிறுவனத்துக்கு எழுதுகிறது: ஆதாரம் காட்டு, இல்லையென்றால் நீக்கு. மறுத்தால் கோப்பு, வணிக ஏமாற்றுகளைத் தடுக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனுக்குப் போகும். அங்கே விளையாட்டு இல்லை. கமிஷன் தொடுத்த வழக்கில் 2016-இல் இத்துறையின் ஹெர்பாலைஃப் நிறுவனம் 20 கோடி டாலர் கட்டியது. 2019-இல் அட்வோகேர் நிறுவனம் 15 கோடி டாலர் கட்டியதோடு, ஆட்களைச் சேர்த்து அவர்கள் விற்பனையிலும் பங்கு பெறும் பல அடுக்கு விற்பனை முறையையே விட வேண்டியதாயிற்று. பின்னால் அந்தப் பிரம்பு இல்லையென்றால் மன்றத்தின் கடிதத்தை யார் பிரித்துப் பார்ப்பார்கள்?

சிக்கல் வேறிடத்தில். பதிவு போட்டவர் எப்போதோ விலகிப்போயிருப்பார். நிறுவனத்தின் பேச்சை அவர் ஏன் கேட்க வேண்டும்? அப்போது மன்றம் எதிர்பார்ப்பது நேர்மையான முயற்சி: எழுதிக் கேட்டாயா, சமூக ஊடகத் தளத்துக்குப் புகார் அனுப்பினாயா என்று. அதன் பிறகும் அந்தக் கார் அங்கேயே நிற்கலாம்.

'இது எல்லோருக்கும் கிடைக்கும் வருமானம் அல்ல' என்று அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்தால் போதுமா? போதாது. வழக்கமாக ஒருவருக்கு என்ன கிடைக்கும் என்பதைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தானே நிறுவனங்கள் வெளியிடும் வருமான அறிக்கைகள் என்பீர்கள். 2024-இல் கமிஷன் அலுவலர்கள் 70 அறிக்கைகளைப் புரட்டினார்கள். விநியோகஸ்தர்களில் பெரும்பாலானோர் பெற்றது ஆண்டுக்கு 1,000 டாலரோ அதற்கும் குறைவோ, அதாவது மாதம் 84 டாலருக்குள். அதிலும் பல அறிக்கைகள் ஒன்றும் சம்பாதிக்காதவர்களைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. சரக்கு வாங்கிய செலவு, பயணச் செலவு எதையும் பெரும்பாலான அறிக்கைகள் கழிக்கவும் இல்லை. துறை தன்னைத் தானே திருத்திக்கொள்வதாகச் சொன்னால், முதலில் திருத்த வேண்டியது இந்த அறிக்கைகளைத்தான் என்பேன்.

இன்னொன்று. மன்றத்தின் கண்ணில் படுவது பொதுவெளிப் பதிவுகள். அதே கார் படம் ஒரு மூடிய வாட்ஸ்அப் குழுவுக்குள் போய்விட்டால், உள்ளே இருக்கும் யாராவது புகார் கொடுத்தால்தான் உண்டு. கொடுப்பாரா? அவரைச் சேர்த்துவிட்டதே அநேகமாக ஒரு மைத்துனரோ நெருங்கிய தோழியோதான்.