எட்டுப் போடும்போது நேரம் எங்கே போகிறது? சேரன்மகாதேவி நெற்களத்திலிருந்து

வணக்கம் மக்களே. காலை 6 மணிகூட ஆகவில்லை. சேரன்மகாதேவிப் பக்கம் எங்கள் மாமாவுடைய நெற்களத்தில் நிற்கிறேன். பிசான நெல் பருவத்து அறுப்பு முடிந்து களம் காலியாகக் கிடக்கிறது. நல்ல சிமெண்டுத் தளம். அந்தப் பக்கம் வேப்பமரம், இந்தப் பக்கம் கன்னடியன் கால்வாய். வண்டி பழக இதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்ததில்லை.

இன்றைக்கு எட்டுப் போடப் போகிறோம். லைசென்ஸுக்குப் போட்ட அதே எட்டுதான். அன்றைக்குத் தரையில் கால் ஊன்றாமல் ஒருமுறை போட்டுக் காட்டிவிட்டு, அத்தோடு அதை மறந்துவிட்டோம். ஜப்பானில் இந்த மாதிரித் திருப்பங்களை வைத்தே மோட்டோ ஜிம்கானா என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. சின்ன மைதானத்தில் கூம்புகளை வைத்து, ஒவ்வொருவராகக் கடிகாரத்துக்கு எதிராக ஓட்டுவார்கள். கூம்பைத் தட்டினாலோ காலை ஊன்றினாலோ நேரம் கூடிவிடும். முதலில் பாதையை நடந்து பார்த்து மனப்பாடம் செய்துகொள்வார்கள். அதைப் பார்த்த நாளிலிருந்துதான் எனக்கு இந்தப் பித்து.

சரி, கேமராவைக் கீழே வைக்கிறேன். தெரிகிறதா? இரண்டு தண்ணீர் பாட்டில், உள்ளே கைப்பிடி மணல், நடுவில் 8 மீட்டர். முதலில் சிரட்டை வைத்துப் பார்த்தேன். டயருக்கு அடியில் போனால் வழுக்குகிறது, வேண்டாம். அப்புறம், தொடங்குவதற்கு முன்னால் வாரியல் எடுத்துக் களத்தைப் பெருக்கிவிடுங்கள். இதோ என் உள்ளங்கையில் இருக்கிறது பாருங்கள், நாலு நெல்மணி. சிமெண்டில் இந்த நாலு மணிமேல் சாய்ந்த டயர் ஏறினால் போதும், குண்டுமணிமேல் கால் வைத்த மாதிரி சறுக்கிவிடும்.

என் வண்டி சாதாரண 150 சிசி. முதல் மாதம் ஒரு எட்டுக்கு 11.5 வினாடி எடுத்தேன். திருப்பத்தில் வேகம் பத்தவில்லை என்று நினைத்து, இன்னும் சாய்த்து, இன்னும் முறுக்கிப் பார்த்தேன். நேரம் குறையவே இல்லை. ஒருநாள் போனை மரத்தடியில் வைத்துப் பதிவு செய்து, மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பாட்டிலை நெருங்கும்போது பிரேக்கை விடுகிறேன். ஆக்சிலேட்டரை முறுக்குவதற்குள் ஏறத்தாழ ஒரு வினாடி வண்டி சும்மா உருள்கிறது. பிரேக்கும் இல்லை, இழுவையும் இல்லை. ஒரு எட்டில் இரண்டு திருப்பம். நான் தேடிக்கொண்டிருந்த 2 வினாடி அங்கேதான் கிடந்தது.

அந்த உருளலை எப்படி எடுப்பது? இடது கையையும் வலது காலையும் பாருங்கள். கிளட்சை முழுவதும் பிடிக்கவில்லை, ஹாஃப் கிளட்சில் வைத்திருக்கிறேன். பின் பிரேக்கை லேசாக, சட்டையில் உட்கார்ந்த ஈயை நசுக்காமல் அமுக்குகிற அளவுக்கு மிதித்திருக்கிறேன். எஞ்சின் முன்னால் இழுக்கிறது, பிரேக் பின்னால் பிடிக்கிறது. இரண்டுக்கும் நடுவில் சங்கிலி எப்போதும் விறைப்பாக இருக்கிறது. அதனால் திருப்பத்திலிருந்து வெளியே வரும்போது, தொய்ந்த சங்கிலி திடீரென்று இறுகி வண்டியை உலுக்குகிற அந்த வெட்டு விழாது. காலைத் தளர்த்தினாலே வண்டி தானாகக் கிளம்புகிறது. பிரேக்கை விடுவதும் இழுவை தொடங்குவதும் ஒரே அசைவாகிவிடும்.

உங்கள் வண்டியில் எவ்வளவு பழகியும் அந்த வெட்டு போகவில்லை என்றால், சங்கிலித் தொய்வைப் பாருங்கள். கோன்செட்டையும், அதாவது ஹேண்டில் திரும்புகிற இடத்து பேரிங்கையும் பாருங்கள். ஹேண்டில் நடுவில் சிக்கினால் எட்டு ஒழுங்காக வராது. கிளட்ச் சூடாகும், அதனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி ஆறவிடுங்கள்.

முன் பிரேக்கைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், அதில் நான் விழுந்திருக்கிறேன். டயரின் பிடி ஒரு பானைச் சோறு மாதிரி. பிரேக்குக்கு நிறையப் போட்டால் திரும்புவதற்குக் குறையும். நேராக வரும்போது முன் பிரேக்கை நன்றாகப் பிடிக்கலாம். முன் ஃபோர்க் அமுங்கி, வண்டி சட்டென்று திரும்பத் தயாராகும். சாய்க்கச் சாய்க்க விரலைத் தளர்த்திக்கொண்டே போக வேண்டும். ஹேண்டில் முழுக்கத் திரும்பி, வேகம் நடையளவுக்கு வந்த பிறகு முன் பிரேக்கைத் தொடாதீர்கள். நான் தொட்டேன். கண் மூடித் திறப்பதற்குள் இண்டிகேட்டர் உடைந்து, வலது உள்ளங்கை தோல் உரிந்து கிடந்தேன். அன்றைக்குக் கையுறை போடவில்லை. ஹெல்மெட், கையுறை, முட்டிக் காப்பு, கணுக்காலை மூடிய ஷூ, இவை இல்லாமல் இப்போது வண்டியைக் களத்தில் இறக்குவதே இல்லை.

சாய்வுக்கு ஒரு கணக்கு உண்டு. 3 மீட்டர் ஆரத்தில் 15 கிலோமீட்டர் வேகத்தில் திரும்ப 30 பாகைக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சாய வேண்டும். அதே சாய்வில் 30 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஆரம் 12 மீட்டராகிவிடும். வேகம் இரட்டித்தால் இடம் நாலு மடங்கு வேண்டும். அதனால்தான் உள்ளே நுழையும் வேகத்தைக் கூட்டி இந்த எட்டை ஜெயிக்க முடியாது.

இப்போது முகத்தைப் பாருங்கள். இந்தப் பாட்டிலைத் தாண்டுவதற்கு முன்பே என் தாடை அந்தப் பாட்டிலுக்குத் திரும்பிவிட்டது. கண்ணை மட்டும் ஓட்டினால் பத்தாது, தலையே திரும்ப வேண்டும். முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பாட்டிலையே பார்த்தால் அதில்தான் போய் முட்டுவோம். எனக்கு வலப்பக்கம் எளிதாக வரும். இடப்பக்கம் தோள் இறுகிக்கொள்கிறது. முழங்கையை மடக்கி, வெளிப்பக்கக் கையைத் தளர்த்திவிட்டால் சரியாகிறது. நடையளவு வேகத்தில் உடம்பைக் கொஞ்சம் வெளிப்பக்கம் வைத்து வண்டியை மட்டும் சாய்க்கலாம். வேகம் கூடக் கூட உடம்பும் வண்டியோடு போக வேண்டும்.

இதையெல்லாம் ரோட்டில் செய்து பார்க்காதீர்கள் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். பாபநாசத்திலிருந்து காரையாறு ஏறும் வளைவுகளில் எதிரே பஸ் வந்தால் ரோடு முழுக்க அதற்கே வேண்டும். மாஞ்சோலைப் பாதைக்கு வனத்துறை அனுமதி வேண்டும், ரோடும் ஒடுக்கம். அங்கே நேரம் பார்ப்பது தப்பு. களத்தில் பழகியது அங்கே வேறு விதமாக உதவுகிறது. போன சாரலில் செங்கோட்டை மலைப்பாதையில் ஒரு வளைவு முடிகிற இடத்தில் ஆட்டுக்கூட்டம் படுத்திருந்தது. தலை ஏற்கனவே அந்தப் பக்கம் திரும்பியிருந்ததால் முன்கூட்டியே பார்த்துவிட்டேன். கால் தானாகப் பின் பிரேக்குக்குப் போய், வண்டி நிமிர்ந்து நின்றது.

சரி, இன்றைய கடைசி ஓட்டம். இடப்பக்கத்திலிருந்து தொடங்குகிறேன்.

9.7 வினாடி. ஆனால் வேப்பமரத்துப் பக்கம் பாட்டிலைத் தட்டிவிட்டேன், சத்தம் கேட்டிருக்கும். அங்கே வெளியே வரும்போது பிரேக்கிலிருந்து காலைக் கொஞ்சம் பிந்தி எடுத்திருக்கிறேன். அதோ மாமா உளுந்து மூட்டையோடு வந்துவிட்டார், வெயில் ஏறுவதற்குள் களத்தில் காயப் போட வேண்டுமாம். பாட்டில்களைப் பொறுக்கிவிட்டு நானும் ஒரு கை கொடுக்கப் போகிறேன்.