மூணு பழைய சிப்பாய்ங்க, ரெண்டு பொய்

எல்லாருக்கும் வணக்கம். முன் வரிசைல உக்காந்திருக்கற பட்டாளத்து அண்ணன்மாருக்கு தனியா ஒரு வணக்கம், பரதராமி தாண்டி சித்தூர் பக்கத்துல இருந்து வந்தவங்களுக்கும் சேத்துத்தான்.

இப்ப பாத்தோமே, லாஸ்ட் ஃப்ளாக் ஃப்ளையிங், 2017ல ரிச்சர்ட் லிங்க்லேட்டர் எடுத்த படம், ஒரு சண்டை சீன் கூட இல்லயேனு பசங்க கடுப்புல இருக்காங்க, தெரியுது. வியட்நாம்ல ஒண்ணா இருந்த மூணு பேரு, முப்பது வருஷமா தொடர்பே இல்ல, ஒருத்தரு பார் நடத்தறாரு, ஒருத்தரு பாஸ்டர் ஆயிட்டாரு, மூணாவது ஆள் டாக், பொண்டாட்டி செத்த அதே 2003ல மகனும் ஈராக்ல போயிட்டான், அவன் உடம்ப வாங்கப் போகணும், கூட வாங்கடானு வந்து நிக்கறாரு. மத்தபடி வண்டி, ரயிலு, பேச்சு, அவ்ளோதான். பார்காரரா வர்ற பிரையன் க்ரான்ஸ்டன் கொஞ்சம் ஓவர்தான், டாக்கா வர்ற ஸ்டீவ் கேரல் வாயே தொறக்காம அடிச்சிட்டுப் போயிட்டாரு.

பையன் வீரமா செத்தான்னு கர்னல் சொல்றாரு. கூட இருந்த சிப்பாய் சொல்றான், கோக் வாங்கப் போன எடத்துல பின்னாடி இருந்து சுட்டாங்கனு. அப்பன் ஆர்லிங்டன் ராணுவ கல்லறை வேணாம், ஊருக்கே கொண்டுபோறேன்றாரு. சரி, அதே மூணு பேரு செத்துப்போன பழைய கூட்டாளியோட அம்மாவப் பாக்கப் போறாங்க இல்ல? வலிக்குப் போடற மார்ஃபினை இவங்களே போதைக்கு காலி பண்ணிட்டதால அவன் வலில துடிச்சு செத்தான், அத சொல்லத்தான் போறாங்க. கெழவிகிட்ட போனதும் ஆமாம்மா, உங்க பையன்தான் எங்கள காப்பாத்துனான்னு சொல்லிட்டு வந்துடறாங்க.

ரெண்டும் பொய்தானேனு இப்ப ஒருத்தர் கேட்டாரு. எனக்கு அப்படித் தோணல. கர்னலுக்கு அந்தப் பொய்யால எந்த நஷ்டமும் இல்ல, ஃபைல் மூடிடும். இவங்க மனசுல இருக்கறத கொட்டிட்டு மன்னிப்பு வாங்கத்தான் போனாங்க, அந்த சான்ஸ விட்டுட்டு பாரத்த திரும்ப தூக்கிக்கினு வராங்க.

நம்ம வேலூர் மணிக்கூண்டுல கல்வெட்டு பாத்திருப்பீங்க, முதல் உலகப் போருக்கு 277 பேரு போனாங்க, 14 பேரு செத்தாங்கனு. எப்படி செத்தாங்கனு ஒரு வரி கிடையாது. 1999 கார்கிலுக்கு அப்பறம்தான் உடம்பு வீடு வரைக்கும் வர்றது வழக்கமாச்சு, 65 போர்லயும் 71 போர்லயும் பெரும்பாலும் அங்கயே எரிச்சிடுவாங்க, வீட்டுக்கு தந்திதான். என்ன ஆச்சுன்றது கூட இருந்தவன் லீவுல வந்து சொன்னாத்தான்.

அப்படி ஒரு வீட்டுத் திண்ணைல போய் உக்காந்தவங்க இங்க இருப்பீங்க. என்ன சொன்னீங்க, எத விட்டீங்க, அதக் கேக்கத்தான் இந்தக் கூட்டமே. மைக் அந்தப் பக்கம் வருது, தெலுங்குலயே பேசுங்க, எல்லாருக்கும் புரியும்.